பனி முடியும் இடம்

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் சொல்லும் வயதையெல்லாம் நான் தாண்டிவிட்டேன்.

கோடையிலும் உருகாத மலைப்பனி ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று செயற்கைக்கோள் படங்களில் அளப்பது என் மாப்பிள்ளையின் வேலை. போன வாரம் என்னை அவசரமாக அலுவலகத்துக்கு வரச்சொல்லி, மூன்று படங்களைத் திரையில் வரிசையாக வைத்தார்.

"மாமா, பனி மேல கறுப்பா வரிசையாத் தெரியுதே, என்ன அது?"

"காலடித் தடம். எவனோ பொழுது போகாம மலை ஏறியிருக்கான்."

"ஏறலை மாமா, இறங்குறான். முந்தின வருஷம் உச்சியில இருந்தான். போன வருஷம் பாதி மலையில. இன்னைக்கு வந்த படத்துல பனி முடியுற இடத்துக்கே வந்துட்டான். அதுக்குக் கீழே உங்க வீடுதான்."

"அப்புறம் எங்கே போனான்?"

"வெறும் பாறையில தடம் எப்படி மாமா தெரியும்? அத்தையைக் கூட்டிக்கிட்டு உடனே எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

நான் சிரித்தேன். "ஒத்தை ஆளுக்குப் பயந்து வீட்டைப் பூட்டணுமா? வந்தான்னா உங்க அத்தை பேசியே துரத்திடுவா."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"அத்தை காலையிலேருந்து ஃபோனை எடுக்கலை மாமா."

அந்தச் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில், லாரியைவிடச் சிறிய எதுவும் தெரியாது.