நன்முல்லை வந்த வழி

லாரிப் பட்டறை வெக்கையில்கூடச் செங்கோடன் முழுக்கைச் சட்டைதான் போடுவான். முழங்கைக்குக் கீழே தபால்தலை அளவுக்கு ஒரு வெளிறிய தழும்பு இருந்தது. விந்தணுவே இல்லாத அவனுக்கு, அந்த இடத்துத் தோலை எடுத்துத்தான் லேப்பில் விந்தணு வளர்த்துக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்தவள் நன்முல்லை. "நீ வந்த வழி இதுதான் சாமி" என்று மகளிடம் மட்டும் காட்டியிருந்தான். ஊர் வாயில் விழ அவனுக்குத் தெம்பில்லை.

அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் அம்மாவின் வயிறு. ஒன்றில் மட்டும் ஒரு கை. அதிலிருந்த தழும்புக்குள்ளிருந்து ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"கையிலயா புள்ள பொறக்கும்?" என்று ஒரு தகப்பன் சிரித்தான்.

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நழுவிவிடலாமென்று எழுந்தான். அதற்குள் நன்முல்லை பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

"அம்மா வயித்துக்கு அப்புறந்தான் போனேன். மொதல்ல எங்கப்பா கையிலதான் இருந்தேன். காட்டுங்கப்பா!"

அந்த மிடுக்கைப் பார்த்ததும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினான்.

"ஆமாங்க டீச்சர். எம்புள்ள இங்கிருந்துதானுங்க வந்தா."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த இன்னொரு முழுக்கைச் சட்டைக்காரர், மெல்லத் தன் கைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.