கார்டு வீட்டு பைக்

“யாரு என் வண்டியைத் தொட்டது?”

கார்டு போட்ட சத்தத்தில் மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்தார்.

“நான் தொடலைங்க” என்றாள் மனைவி, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல். “மகள் வீட்டுல பதினஞ்சு நாள் இருந்துட்டு இப்பதானே வந்து இறங்குறேன்.”

“அப்ப யாரு?”

“சர்வீஸ் பண்ணது நீங்கதானே?”

“அதனாலதான் கேக்கறேன்! நான் பண்ணின சர்வீஸ்ல தப்பு வருமா?”

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் கார்டுதான். அந்த மோட்டார் சைக்கிளுக்கு வயது ஐம்பத்திரண்டு. எந்த மெக்கானிக்கின் கையும் அதன் மேல் பட்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவரே சாக்கை விரித்து உட்கார்ந்து, ஆயில் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, ப்ளக் தேய்த்து, ப்ளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற பாயின்ட்டின் மயிரிழை இடைவெளியைச் சரி பார்த்து வைப்பார். மறுநாளே வண்டி பறக்கும்.

இந்தத் தடவை பறக்கவில்லை. பட்பட்டென்று அடித்துக்கொண்டு, நாலு தெரு தாண்டுவதற்குள் உயிரை விட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய பைக் சங்கத்தின் போட்டி. மேட்டு ரோட்டில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நிற்காமல் ஏற வேண்டும். சொந்தக் கையால் வண்டியைப் பராமரிக்கிறவருக்கு மட்டும்தான் கோப்பை. மெக்கானிக்கிடம் விட்டவர்கள் பெயரே கொடுக்கக் கூடாது.

போன வருஷம் கோப்பை வாங்கின ஸ்டோர் கீப்பர், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கார்டை வழியில் பார்த்துவிட்டு, “வாக்கிங்கா கார்டு சார்? சுகருக்கு ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த எரிச்சல் வேறு.

வெள்ளிக்கிழமை டாங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார். அதே பட்பட். சனிக்கிழமை கார்புரேட்டரை மறுபடி கழற்றினார். புது ப்ளக் போட்டார். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. உதைத்து உதைத்து அவர் கால்தான் வீங்கியது.

“பாயின்ட்டை ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்றாள் மனைவி, காபியை நீட்டியபடி.

“அதெல்லாம் அச்சுப் பிசகாம வெச்சிருக்கேன். நீ கடிகாரம் ரிப்பேர் பண்றவ. உன் கடையில உக்காந்து முள்ளைத் திருகு. இது வண்டி. கிட்ட வராதே!”

அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாடிக்காரர் ‘இந்த மனுஷன்கூட எப்படித்தான் காலம் தள்ளுதோ அந்தம்மா’ என்று முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளிக்கப் போன கார்டு, துண்டை எடுக்க மறந்து திரும்பி வந்தார். ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வண்டிப் பக்கத்தில் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கடிகாரக் கடை லென்ஸ். பாயின்ட் மூடி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தார். பிறகு ஜன்னல் ஓரமாக ஒதுங்கிப் பார்த்தார். அவள் கை போன விதம் அப்படி. எந்த ஸ்க்ரூ எங்கே என்று தேடவில்லை. ஒரு சின்னத் திருகல், ஒரு ஊதல், மூடியைப் போட்டு இறுக்கினாள். ஸ்க்ரூ டிரைவரை அவர் வைத்திருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் திரும்ப வைத்தாள். முதல் தடவை தொடுகிற கை இல்லை அது.

கார்டு ஓசைப்படாமல் உள்ளே போனார். அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். கையில் கறுப்பே இல்லை.

“வண்டி என்னங்க ஆச்சு?” என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“பாப்போம்.”

ஒரே உதை. இன்ஜின் கப்பென்று பிடித்துக்கொண்டது. மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து கை தட்டினார்.

“பின்னாடி ஏறு” என்றார் கார்டு.

“நானா? ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு மேடு ஏறுமா?”

“ஏறும். ஏறு.”

இருபத்தொரு வண்டிகள் கிளம்பின. முதல் வளைவிலேயே ஐந்து வண்டிகள் நின்றுபோயின. மூன்றாவது வளைவில் ஸ்டோர் கீப்பர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது கார்டு ஹாரன் அடித்தார். வழி கேட்கிற ஹாரன் இல்லை, கொழுப்பு ஹாரன். வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறாமல், எல்லாருக்கும் முன்னால் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது.

சங்கத் தலைவர் கோப்பையைக் கையில் கொடுத்து, மைக்கையும் நீட்டினார்.

“இந்தக் கோப்பையை நான் வாங்கக் கூடாதுங்க” என்றார் கார்டு.

கூட்டத்தில் சலசலப்பு. வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த ஸ்டோர் கீப்பர் உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப மெக்கானிக் வெச்சிருக்கீங்களா?”

“ஆமா. வெச்சிருக்கேன்.”

“ஐயோ, இல்லைங்க!” மனைவி பதறிப்போய் முன்னால் வந்தாள். “எல்லாமே அவர் கைதான்! வேற யாரும் தொட்டதே இல்லை!”

கார்டு கோப்பையை அவள் கையில் வைத்தார். மைக்கை மட்டும் விடவில்லை.

“சர்வீஸ் பண்றது நான்தான். மறுநாள் யாருக்கும் தெரியாம அதைச் சரி பண்றது இவ. பதினஞ்சு நாள் இவ ஊர்ல இல்லை, வண்டி நாலு தெரு தாண்டலை. பாயின்ட் இடைவெளி தெரியாத அளவுக்கு என் கண்ணு மங்கிப்போச்சுன்னு இன்னிக்குக் காலையிலதாங்க எனக்கே தெரியும். இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாம பாத்துக்கிட்டா.”