சளி பிடித்த பூனை

“விதவை உதவித்தொகை ஆய்வுக் குழுதானே? ஒரு புகார் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“பழைய சினிமாக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு தையல்காரம்மா இருக்கு. விதவைன்னு மாசாமாசம் பணம் வாங்குது. ஆனா அந்த வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கான். சாயங்காலமா போங்க, கையும் களவுமா மாட்டுவான்.”

“நீங்க யார் பேசறது?”

“நாட்டு மேல அக்கறை உள்ளவன். ரைட்!”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதவித்தொகை யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருக்குச் சேரவில்லை, திட்டத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஆராய்ந்து சொல்வதுதான் அவள் வேலை. மனு போட்டுவிட்டு நடையாய் நடக்கிற பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! அவர்கள் வயிற்றில் அடித்து ஒருத்தி ஏமாற்றி வாங்குவதா? அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. உள்ளே தையல் மெஷின் மேல் இரண்டு டம்ளர் டீ, இரண்டிலும் ஆவி பறந்தது.

“வாங்க மேடம், உட்காருங்க.” மடியில் கிடந்த துணியை உதறிவிட்டு எழுந்தாள் தையல்காரம்மா. ஐம்பது வயதிருக்கும்.

“ஆய்வுக் குழுவுலேர்ந்து வர்றேன். உங்களைப் பத்தி போன்ல ஒரு புகார். வெளியில கிடக்கற செருப்பு யாரோடது?”

“அதுவா... திருட்டுப் பயத்துக்குப் போட்டு வெச்சிருக்கேன். ஆம்பளை இருக்கற வீடுன்னு நினைச்சுக்குவான்ல?”

“டீ ரெண்டு டம்ளர் இருக்கே?”

“ஒண்ணு ஆறறதுக்குள்ள இன்னொண்ணைக் குடிப்பேன்.”

ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல். தகரக் கூரையே அதிர்ந்தது.

“அது... பூனை, மேடம்.”

“பூனை தும்முமா?”

“சளி பிடிச்ச பூனை.”

இன்னொரு தும்மல். திரை விலகியது. நரைத்த மீசையோடு ஒருவர் அசடு வழிய வந்து நின்றார்.

“நான்தாம்மா அந்தப் பூனை.”

தையல்காரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இவர் தனியார் பஸ்ல வேலை பார்த்து ஓய்ஞ்சவர், மேடம். பென்ஷன் கிடையாது. ஒண்டிக்கட்டை, அடுத்த தெருவுல ரூம். இங்க வந்து ஒரு வாய் சாப்பிடுவார், பேசிக்கிட்டு இருப்பார். இருட்டினதும் அனுப்பிடுவேன். சத்தியமா அவ்வளவுதான்.”

“அப்படின்னா கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?”

“பண்ணிக்கிட்டா பணத்தை நிறுத்திடுவீங்களே! சட்டம் அப்படித்தானே இருக்கு? சொற்பக் காசுதான். ஆனா மெஷின் ஓடாத மாசம் அதுலதான் அடுப்பு எரியுது. நாளைக்கு இவருக்கும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா? மறுபடியும் விதவைன்னு மனு போட்டு, வரிசையோட கடைசியில போய் நிக்கணுமா? புருஷன் இல்லாமக் கூட இருந்துடுவேன் மேடம். அந்த வரிசையில இன்னொரு தடவை நிக்க என்னால ஆகாது.”

ஆய்வாளருக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

“அம்மா, நான் பணத்தை நிறுத்த வந்தவ இல்லை. சட்டம் எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சு எழுதறவ. இதுதான் இடிக்குதுன்னு இன்னைக்குத்தான் எனக்கே புரியுது.”

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தெம்பு வந்ததும் கோபமும் வந்தது.

“போன் பண்ணது எவன் மேடம்? அவன் நாக்கு அழுகிப் போக!”

“ஏய் ஏய், அப்படியெல்லாம் சொல்லாதே!” பதறினார் மீசைக்காரர்.

“நீங்க எதுக்கு அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க?”

அவர் அவசரமாக டீயை எடுத்துக்கொண்டார்.

விசாரிக்க விசாரிக்க, தெருவுக்குத் தெரு சளி பிடித்த பூனைகள் இருந்தன. ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினாள். மேலே இருந்தவர்கள் இழுத்தடித்தார்கள், அவள் விடவில்லை. மறு வருஷம் சட்டம் மாறியது. மறுமணம் செய்துகொண்டாலும் உதவித்தொகை உண்டு!

சேதி வந்த வாரமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட ஆய்வாளரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தானே தைத்த புதுத் துணியில் மணப்பெண்ணின் முகம் அப்படிப் பூரித்திருந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், பேனாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரைட்! போலாம்!”

அறையே சிரித்தது.

“கண்டக்டர் புத்தி போகுதா பாருங்க!” என்று அவர் தோளில் ஒரு இடி இடித்துவிட்டு, மணப்பெண் வெட்கத்தோடு முன்னால் நடந்தாள்.

ஆய்வாளர் மட்டும் அசையாமல் நின்றாள். அந்த ‘ரைட்’டை அவள் போனில் கேட்டிருக்கிறாள்.

“ஐயா... புகார் சொன்னது நீங்களா?”

“ஸ்ஸ்! மெதுவா. என் நாக்கு அழுகிடும்.”

“அப்போ அந்தத் தும்மல்?”

“கீழே கிடந்த தையல் நூலை எடுத்து மூக்குல விட்டேன். இல்லேன்னா நீங்க டீயைப் பத்தியே விசாரிச்சுட்டுப் போயிருப்பீங்க.”

ஆய்வாளரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எதுக்கு ஐயா இவ்வளவு நாடகம்? இப்படி ஒரு கஷ்டம் இருக்கு, வந்து கேளுங்கன்னு நேரடியாச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனேம்மா. கஷ்டப்படறாங்கன்னு எத்தனையோ தடவை போன் பண்ணேன், ஒருத்தரும் வரல. ஏமாத்தறாங்கன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே வந்து நின்னீங்க!”