ஹாலந்து ஒத்திகை

"தப்பா நினைக்காதீங்க யூயுன் அக்கா. மிளகாய் வேணும்னா புதன்கிழமை நாலு மணிக்கு வாங்க, கதவைத் திறக்கிறேன்."

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து நிங்ரும் இப்படிச் சொன்னதும், எதிர்வீட்டு யூயுன் கையிலிருந்த கிண்ணத்தால் கம்பியைத் தட்டினாள்.

"அடிப்பாவி! அடுப்புல எண்ணெய் காயுது. புதன்கிழமை வரைக்கும் காயட்டுமா?"

"ஹாலந்துல முன்கூட்டிச் சொல்லாம யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டாங்களாம் அக்கா. ராட்டர்டாம்ல இருக்கிற எங்க சித்தி பொண்ணு வூலான் சொன்னா."

"இது ஹாலந்தா? இந்தோனேசியாடி, நம்ம சுரபாயா! உன் கோழி என் வீட்டுக்குள்ள வந்து முட்டை போடுதே, அது என்ன நேரம் குறிச்சுக்கிட்டா வருது?"

நிங்ரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கைப்பிடி மிளகாயைக் கம்பி வழியாகவே நீட்டினாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

எல்லாம் அவள் புருஷன் ஹர்யோனோவுக்கு வந்த வேலையால்தான். அவன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். ஹாலந்தில் ஒரு கம்பெனி அவனைக் குடும்பத்தோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. குதித்துக்கொண்டு வந்து சொன்னவனை நிங்ரும் உட்கார வைத்தாள்.

"இங்க நாலு மணிக்கு உங்க வேலை முடியுது. காப்பிக்கடையில கூட்டாளிங்களோட பேசி முடிச்சு நீங்க வீடு வரும்போது நம்ம பொண்ணு கிரானா தூங்கிடறா. இங்கயாவது காத்துக்கிட்டிருக்கும்போது பேச யூயுன் அக்கா இருக்காங்க. அங்க யார் இருக்கா?"

"அப்போ வரமாட்டியா?"

"ஒரு மாசம் இதே வீட்டுல ஹாலந்துல மாதிரி வாழ்ந்து பார்ப்போம். அந்த வாழ்க்கையையும் இந்த வாழ்க்கையையும் வெச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். சரிப்பட்டா மூணு பேரும் போறோம். சரிப்படலைன்னா நீங்களும் போகக்கூடாது."

ஹர்யோனோ தலையாட்டினான். வேறு வழி?

வூலான் போனில் அனுப்பிய சட்டதிட்டங்கள் மறுநாளே அமலுக்கு வந்தன. வேலைக்கு சைக்கிள். பகலில் ரொட்டியும் சீஸும் மட்டும். சூடான சாப்பாடு ஒரே ஒரு வேளை, அதுவும் மாலைத் தொழுகை முடிந்து ஆறு மணிக்கு, எல்லோரும் ஒரே மேஜையில். பாத்திரம் கழுவுவது புருஷன்.

"ரொட்டியைத் தின்னுட்டு வெல்டிங் பிடிச்சா கை நடுங்குது நிங்."

"அதைத் தின்னுட்டுத்தான் அந்த ஆளுங்க கடலையே தள்ளி வெச்சு ஊர் கட்டியிருக்காங்க. தின்னுங்க."

காப்பிக்கடையைத் தாண்டி அவன் சைக்கிளை மிதிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும்: "வெள்ளைக்காரர் போறாருடா, வழி விடுங்க!"

குளிரை மட்டும் சுரபாயாவில் ஒத்திகை பார்க்க முடியவில்லை. "ஐஸ் கடையில போய்க் குடும்பத்தோட உட்காருங்க" என்று யூயுன் யோசனை சொன்னாள்.

முதலில் முணுமுணுத்த ஹர்யோனோ, போகப்போக அடங்கிவிட்டான். சைக்கிளின் பின்னால் கிரானாவுக்கு ஒரு இருக்கை பொருத்தினான். அவள் வகுப்பில் யார் யாரோடு சண்டை, பென்சிலைக் கடிப்பது யார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியானது. அதுவரை அந்தக் குழந்தைக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். இப்போது சோற்றைப் பிசைந்தபடியே, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

நிங்ரும் வூலானைப் போனில் கூப்பிட்டாள்.

"நல்ல நாடுதாண்டி அது! இத்தனை தூரத்துல இருந்தே என் வீட்டுக்காரரைத் திருத்திடுச்சே!"

"ரொம்பப் புகழாதே அக்கா. இங்க நவம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும். மழை மேலேருந்து பெய்யாது, பக்கவாட்டுல அடிக்கும்."

"அடிக்கட்டுமே. ஆறு மணிக்கு மனுஷன் வீட்டுல இருப்பாரில்ல?"

"அது இருப்பார்."

"பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வருமாமே?"

"வரும்."

"அப்புறம் என்னடி குறை அந்த ஊருக்கு!"

முப்பதாம் நாள். மாட்டிறைச்சி போட்டுக் கறுப்பாக ரவோன் குழம்பு வைத்திருந்தாள் நிங்ரும். சாப்பாடு முடிந்து ஹர்யோனோ பாத்திரங்களோடு தொட்டிப் பக்கம் போனான். கிரானா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையை அளந்துகொண்டிருந்தாள்.

நிங்ரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாலைந்து நாளாகவே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தை.

"நான் வர்றேங்க. போகலாம். இந்தத் தெருவை நினைச்சா அழுகை வரும்தான், அழுதுக்கிறேன். புருஷன் நேரத்தோட வீட்டுக்கு வர்ற ஊர், என் ஊர்தான். கம்பெனிக்கு எழுதிடுங்க."

ஹர்யோனோ தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"என்னங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். சந்தோஷமா இல்லையா?"

"அந்த வேலை இல்லை நிங். அவங்களுக்கு வரவேண்டிய கப்பல் ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடுச்சாம். ஆள் வேண்டாம்னு எழுதிட்டாங்க."

நிங்ரும் அவன் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். "இன்னிக்கா எழுதினாங்க?"

"இல்லை. ஒத்திகை ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே."

"முதல் வாரத்துலயேவா! அப்போ இத்தனை நாளா காய்ஞ்ச ரொட்டியைத் தின்னுட்டு, கூட்டாளிங்க கேலியெல்லாம் வாங்கிக்கிட்டு, ஓடி ஓடி வீட்டுக்கு வந்தீங்களே… என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

முக்காலியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தபடி ஹர்யோனோ மெதுவாகச் சொன்னான்:

"சொல்லியிருந்தா, நீ ஒத்திகையை நிறுத்தியிருப்பியே."