ஓர் எழுத்து குறைந்த ஃபோல்டர்

“படம் இறங்கிடுச்சுன்னு காட்டுது மாமா. ஆனா டிவியில வரல.”

மருமகள் போன் செய்ததும் மாமனார் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். தனியாக வசிப்பவர்தான், ஆனாலும் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அவருக்கு நேரமே இருக்காது.

“இங்க பாரும்மா. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு பேரு வேலை பாக்குறாங்க. ஒருத்தன் படத்தை இறக்குறவன். இன்னொருத்தன் அதுக்குப் பேர் போட்டு டிவியில அடுக்குறவன். இவன் ஒரு ஃபோல்டர்ல வெச்சுட்டு, அவன் வேற ஃபோல்டர்ல தேடினா எப்படிக் கிடைக்கும்?”

“போன வாரமும் இதேதான் மாமா.”

“ஃபோல்டர் பேர்ல ஒரு எழுத்து காணோம். எப்படித்தான் அழியுதோ.”

“அப்டேட்டா இருக்கும் மாமா.”

அவர் எழுத்தைச் சேர்த்தார். படம் வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். முடிந்ததும், “எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒருதரம் பாத்துடறேன்” என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுந்தவர், மீதிச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் கணவன் சொன்னான்: “மறக்காம அந்த எழுத்தை அழிச்சிடு. அடுத்த வாரமும் அப்பா வரணும்ல.”

அவள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள்.

“வேலை மிச்சம். மாமாவே அழிச்சிட்டுப் போயிருக்கார்.”