காணாக்கடி

இரண்டாவது அடியில் மரப்பெட்டி பிளந்தது.

உள்ளே துணி. உதறினான். ஒன்றுமில்லை. கடப்பாரையை மறுபடி ஓங்கினான்.

அரிசி டிரம். சுவர்ப் பலகை. சாமி படம். கோழிப்பண்ணையில் ஒதுக்கித் தந்த ஒற்றை அறை வீடு. உடைக்க இன்னும் அதிகம் மிச்சமில்லை.

வாசலில் அவன் மனைவி. அவள் தோளில் ஏழு மாதக் குழந்தை.

குழந்தையின் முகமெல்லாம் தடிப்பு. கழுத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு வீங்கி மூக்கைத் தொட்டது.

"காணாக்கடிதான் இது," என்றாள் பக்கத்து வீட்டு மாராயி. கையில் வேப்பங்கொத்து. "கண்ணுல படாம என்னமோ கடிச்சிருக்குது. பூரானோ என்னவோ. நல்லாத் தேடு சாமி."

தேடினான்.

ஓங்கும்போது ஒரு வசதி. எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. பாப்பா ரெண்டு தடவை கக்கிட்டா."

"வாய மூடு! என்ன கடிச்சதுன்னு தெரியாம அங்க போயி என்னத்தச் சொல்றது?"

தூளியை அறுத்து எறிந்தான். மூலைச் செங்கல்லை நெம்பினான்.

சரசரவென்று ஒன்று ஓடியது.

கறுப்பு. உடம்பு நெடுக வெள்ளை வரி. முழ நீளம்.

முதல் அடியிலேயே செத்துவிட்டது. அவனுக்கு அது போதவில்லை. அடித்தான். தலை இருந்த இடம் கூழாகித் தரையோடு ஒட்டும்வரை அடித்தான். சுவரில் தெறித்தது. சட்டையில் தெறித்தது. மாராயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சிருச்சு!"



பைக் பறந்தது. ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பை. அதற்குள் பாம்பு.

பின்னால் குழந்தையின் அழுகை கரகரத்தது. பிறகு விசிலாய்த் தேய்ந்தது.

பிறகு அழுகையே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே டாக்டர். சின்னப் பெண். குழந்தையைப் படுக்கவைத்துச் சட்டையை விலக்கியவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அலர்ஜி மாதிரி இருக்கே. புதுசா என்ன குடுத்தீங்க?"

பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த அவன் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் மனைவி. "ராகிக் கஞ்சி. ஒரு மாசமா அதேதான். குலசாமிக்கு மொட்டை எடுக்கிற வரைக்கும் கவுச்சி காட்டறதில்லைன்னு நான் வேண்டியிருக்கறனுங்க."

"பசும்பால்? கடலை?"

"எதுவும் இல்லீங்க."

பையை மேசைமேல் கவிழ்த்தான்.

"பாம்புங்க! இதுதான் கடிச்சுது. சீக்கிரம் ஊசியப் போடுங்க!"

டாக்டர் ஓரடி பின்வாங்கினாள். பிறகு குனிந்தாள்.

"தலை எங்க?"

அவன் தன் சட்டையில் தெறித்திருந்ததைக் குனிந்து பார்த்தான்.

"வரியைப் பார்த்தா கட்டுவிரியன் மாதிரியும் இருக்கு. விஷமில்லாத பாம்பு மாதிரியும் இருக்கு. தலையிருந்தா யாரையாவது கேட்கலாம். இப்படி அரைச்சுக் கொண்டாந்திருக்கீங்களே!"

குழந்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கால். காதுக்குப் பின்னால். விரலிடுக்கு. கடிவாய் இல்லை.

"கட்டுவிரியன்னா தடமே தெரியாது…" தனக்குள் முனகினாள்.

அவன் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தான். பொத்தான் பறந்தது.

"எம்புள்ள சாகுது! பார்த்துக்கிட்டு நிக்கிறியா?"

அவள் திமிறவில்லை.

"கையை எடுங்க. பாம்புன்னா ஒரு மருந்து. சாப்பாடுன்னா வேற மருந்து. இவ இருக்கிற நிலைமையில பாம்பு மருந்து தப்பாப் போச்சுன்னா அதுவே கொன்னுரும். கடைசியாக் கேட்கிறேன். வாய் வழியா ஏதாவது உள்ள போச்சா?"

"சாமி சத்தியமா இல்லீங்க!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கையால கஞ்சியத் தவிர வேற எதுவும் ஊட்டலீங்க!"

டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்தாள். பாம்பு மருந்துக் குப்பியை எடுத்தாள்.

குழந்தையின் உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

"முட்டை," என்றான்.

யார் காதிலும் விழவில்லை.

"முட்டைங்க!" கத்தினான். "காலையில. இவ குளிக்கப் போனப்ப. நான்தான் ஊட்டுனேன். பாதி முட்டை."

குப்பி மேசைமேல் உருண்டது. டாக்டரின் கை வேறொரு சின்ன மருந்துக்குப் பாய்ந்தது. ஊசி குழந்தையின் தொடையில் இறங்கியது.

மனைவி அவன் பக்கம் திரும்பவில்லை.

"பண்ணையில கேலி பண்ணுனானுங்க," என்றான் சுவரைப் பார்த்து. "'தெனமும் அட்டை அட்டையா முட்டை அள்றவன் புள்ள, ஓணான் குஞ்சாட்டம் கெடக்குதே'ன்னு."

சுவர் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம்.

இன்னொன்று.

ஓர் இருமல். அதன் பின்னால் ஓர் அழுகை. கிழிந்த அழுகைதான். ஆனாலும் அழுகை.

டாக்டர் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள்.

"முழுசாத் தப்பிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. மூச்சுத்திணறல் திரும்ப வரலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்." சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "அவங்க கேட்பாங்க. முட்டை குடுத்தது இன்னிக்குத்தான் முதல் தடவையா?"

'ஆமாம்' என்று ஒரு தலையாட்டல் போதும். சாட்சி சொல்ல ஆளில்லை.

மனைவி இப்போதுதான் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மூணாவதுங்க," என்றான். "முதல் ரெண்டு தடவையும் வாயச் சுத்திச் செவந்துச்சு. இவ பார்க்கறதுக்குள்ள தொடைச்சு விட்டுட்டேன்."