இன்னும் நான்கு புள்ளிகள்

புதிதாக வந்த மானிட்டரின் நடுவில் ஒரு புள்ளி செத்துக் கிடந்தது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் ஊசி முனையளவு கறுப்பாகத் தெரியும். தணிகாசலம் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டார்.

"கிளம்பு தம்பி, வந்த வழியே போகலாம்" என்றது கீழே கிடந்த அட்டைப்பெட்டி.

"மத்த புள்ளியெல்லாம் நல்லா எரியுதே அண்ணே, அதை யாரு பார்க்கிறா?" என்று மானிட்டர் புலம்பியது.

ஐந்து புள்ளியாவது செத்திருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். இன்னும் நான்கு கிடைக்காதா என்று தணிகாசலம் தேடத் தொடங்கினார். திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை மாற்றி மாற்றி, மூலை முடுக்கெல்லாம் மவுஸை ஓட்டினார். மானிட்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. தனக்கே தெரியாத குறை இன்னும் எத்தனை இருக்கிறதோ?

"மவுஸண்ணே, ஏதாவது தட்டுப்படுதா?"

"அட, சும்மா இருடா பயந்தாங்கொள்ளி! தேடித் தேடி எனக்குக் கண்ணு கூசுறதுதான் மிச்சம்."

வெகுநேரம் கழித்துத் தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்தார்.

"செண்பகம், இங்கே வந்து பாரேன். என்னமா பளிச்சுன்னு இருக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவர் தன்னைத்தான் சொல்கிறார் என்பது மானிட்டருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.